முறுக்கு டின்

லண்டனிலிருந்து கென்ட் பக்கம் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க, பிள்ளைகளோடு காரில் புறப்பட்டோம். மனைவி மடியில் முறுக்கு டின்.

"வெள்ளைக்காரருக்கு முன்னால இதை வெளியில எடுக்காதையும்," என்றேன்.

வழியில் படம் எடுக்க ஒரு பண்ணைக்குள் நுழைந்த நான், திரும்பும்போது வேலிக் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு செம்மறிகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. வளைவுக்கு அப்பால் லொறிச் சத்தம். நான் கத்தக் கத்த அவை இன்னும் சிதறின.

"இஞ்சாருங்கோ, கலைக்காதேங்கோ!" என்று மனைவி இறங்கினாள். வன்னியில் ஆடு வளர்த்தவள். டின்னைக் கலகலவெனக் குலுக்கி உரக்கக் கூப்பிட்டாள். தீன் வாளி என்று நினைத்தனவோ என்னவோ, அத்தனையும் அவள் பின்னாலேயே உள்ளே போயின.

ஓடிவந்த பண்ணைக்காரரிடம் என் தவறைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, டின்னுக்குள் என்ன என்று மனைவியிடம் சிரித்தபடி கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்படி அனுமதி கேட்டுப் பார்க்க அவளைப் பழக்கியவன் நான்தான். ஆடுகள் தப்பியதற்கும், இத்தனை வருடம் அவள் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கும் சேர்த்து மனதுக்குள் நன்றி சொல்லியபடி, டின்னின் மூடியை நானே திறந்து நீட்டினேன்.