முகில் அறையில் மூன்று காலைகள்

ஓகஸ்ட் விடுமுறையில் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழகம் இரண்டு வாரப் பயிற்சி நடத்தியது. துணிக்கைப் பௌதிகவியல். பதினெட்டு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தும் நான் ஒரு துணிக்கையின் தடத்தைக் கண்ணால் கண்டதில்லை. கரும்பலகையில் அம்புக்குறி போட்டதோடு சரி.

முதல் வாரம் முகில் அறை செய்தோம். மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டி. மேலே மதுசாரத்தில் நனைத்த கம்பளித் துண்டு, அடியில் உலர்பனி. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுப் பக்கத்திலிருந்து ரோச் வெளிச்சம் அடித்தோம். உள்ளே படிந்த பனிப்புகாரில் துணிக்கைகளின் தடங்கள் வெள்ளை நூல்களாகத் தோன்றின, அழிந்தன.

"வானத்திலையிருந்து வருது. கூரையையும் எங்களையும் துளைச்சுக்கொண்டுதான் போகுது" என்றார் விரிவுரையாளர்.

நான் என் கையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாளைக்கு, பெற்றோல்மாக்ஸ் விளக்கில் திரிக்குப் பதிலாகக் கட்டும் வலைப்பை, பழையது, யாரிடமாவது உண்டா என்று கேட்டார். அதில் கதிர்வீசும் தோரியம் இருக்குமாம்.

"எங்கடை வீட்டிலை ஒண்டு கிடக்கு சேர்" என்றார் எனக்குப் பக்கத்திலிருந்த குருநகர் ஆசிரியை.

மறுநாள் அதைக் கடதாசி உறையோடு கொண்டுவந்தார். பெட்டிக்குள் கம்பியில் தொங்கவிட்டதும், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடித்த வெள்ளைக் கோடுகள் பாய்ந்தன. கடல்முள்ளி ஒன்று சத்தமில்லாமல் முள்ளை விரித்து விரித்து மூடுவதுபோல.

மற்றவர்கள் தேநீருக்குப் போனார்கள். குருநகர் ஆசிரியை மட்டும் பெட்டியை விட்டு அசையவில்லை.

"உந்தப் பக்கற்றிலை ரெண்டு இருந்தது ரீச்சர்" என்றார் என்னிடம். "மற்றதை அப்பா விளக்கிலை கட்டிக்கொண்டு கடலுக்குப் போனவர். நான் அப்ப அஞ்சாம் வகுப்பு. ஆளும் வரேல்லை, வள்ளமும் வரேல்லை. இதை அம்மா மாதா சுருவத்துக்குப் பின்னாலை வைச்சிருந்தவ. இவ்வளவு காலமும் இது இப்பிடியே பாய்ஞ்சுகொண்டே இருந்தது?"

"ஓம்."

"எப்ப நிக்கும்?"

"எங்கடை காலத்திலை நிக்காது."

விரிவுரையாளர் அதை ஒரு தகரப் பேணியில் அடைத்துக் கொடுத்தார். பேணியைத் திறக்காவிட்டால் பயமில்லை என்றார். ஆசிரியை அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த நாள் காலை வெறும் பெட்டியைத்தான் குளிரவைத்தோம். அதே இடத்தில், ஒன்றுமில்லாத வெறும் கம்பியைச் சுற்றி, தடித்த கோடுகள் திரும்பவும் பாய்ந்தன. ஆசிரியை கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"தோரியத்திலையிருந்து ஒரு வாயு வரும். அதின்ரை மிச்சம் கம்பியிலை ஒட்டியிருக்கு. ரெண்டு நாளிலை போயிடும்" என்று விரிவுரையாளர் விளக்கினார். எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் அந்த மூலையில் தனியாக நிற்க மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நானும் ஆசிரியையும் எல்லோருக்கும் முதல் வந்து பெட்டிக்கு முன்னால் இருந்தோம். நெடுநேரத்துக்கு ஒருக்கால் ஒரு தடித்த கோடு. பிறகு அதுவும் இல்லை. உலர்பனி முடிந்து புகார் கலையும் வரை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"போயிட்டுது" என்றார்.

அவருடைய அப்பாவுக்கு அதுவரை இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுத்ததில்லையாம். உடல் கிடைக்காத ஆளுக்கு என்ன பூசை என்று தாயார் இத்தனை வருடமும் மறுத்திருக்கிறார். பெட்டியில் கண்டதை, வெறும் கம்பியில் மிஞ்சியிருந்தது மெல்ல அடங்கிப்போனதை, மகள் சொல்லக் கேட்டுவிட்டு, ஒரு கிழமை கழித்து, "சரி, சொல்லு பங்குச் சுவாமியிட்டை" என்றாராம்.

நானும் பூசைக்குப் போனேன். பகல் வெயில் கண்ணாடி ஜன்னல்களால் இறங்கியது. தாயார் முன் வாங்கில் செபமாலையோடு இருந்தார். சுவாமியார் இறந்தவரின் பெயரைச் சொன்னபோது பின்கதவு கிரீச்சிட்டது; வாசலில் எனக்கு ஒருவரும் தெரியவில்லை. தாயார் திரும்பி, வந்தது யாரென்று நிதானமாகப் பார்த்தார். பிறகு தனக்குப் பக்கத்திலிருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, ஒரு ஆள் இருக்க இடம் விட்டார்.