கண்ணாடி முத்தும் மன்னார்க் கடலும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், மாதாவின் படத்துக்கு முன்னால் என்னை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். ஓக்லாந்து நகரின் நடுவில் உள்ள ஓவியக்கூடமொன்றில் காவல் பணியாளராக நிற்பது என் வேலை. அன்று என்னை நிறுத்திய அறையில், நீலப் போர்வைக்குள்ளிருந்து மடியிலிருக்கும் குழந்தையைக் குனிந்து பார்க்கும் மாதாவின் பெரிய படம் இருந்தது. மேற்பார்வையாளர் கிரெக் அந்த வழியாக வந்தவர், என் வெறுங்காலையும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சப்பாத்தையும் பார்த்துவிட்டு மிகுந்த அக்கறையோடு என் கால் அளவைக் கேட்டார். மறுநாள் காலை என் லொக்கருக்குள் மெத்தென்ற அடிப்பாகம் வைத்த புதுச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. கால் வலியால் கழற்றவில்லை என்று விளக்க அப்போது என்னிடம் ஆங்கிலம் போதவில்லை. நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டேன்.

நான் பிறந்த மன்னார்ப் பக்கத்தில் மாதாவுக்கு முன்னால் செருப்போடு நிற்கமாட்டோம். இங்கே மழை ஈரத்தோடு உள்ளே வருகிறார்கள், படத்தை அரை நிமிடம் பார்க்கிறார்கள், பக்கத்திலுள்ள லேபலை ஒரு நிமிடம் வாசிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். யாரும் நெற்றியில் சிலுவை இடுவதில்லை. ஆரம்பத்தில் மனம் சுருங்கியது. பிறகு கேட்டுக் கேட்டு அறிந்தேன். அந்தப் படம் ஒரு காலத்தில் இத்தாலிய ஊரொன்றின் பீடத்தில் மெழுகுதிரிப் புகைக்கு நடுவே இருந்ததாம். போர்வையின் நீலம் ஆப்கான் மலையிலிருந்து கப்பலேறி வந்த கல்லை அரைத்து எடுத்தது. அதற்குச் செலவழித்த பிரபு, தன்னையும் கீழ் மூலையில் முழந்தாளிட்டபடி சிறிதாக வரையச் செய்திருக்கிறார். பிறகு கோயிலுக்கு என்னவோ நேர்ந்து, படம் விலைபோய், பல வீடுகளும் நாடுகளும் மாறி உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் மாதாவிடம் ஒரு புது நெருக்கம் உண்டாயிற்று.

அடுத்த கட்டடப் பகுதியில் இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் முன்னோர்களுடைய உருவப்படங்கள் உள்ளன. ஐரோப்பிய முறை பயின்ற ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவை. அங்கே அந்த முன்னோர்களின் வழிவந்த சில குடும்பங்கள் வந்து படத்தோடு பேசுவார்கள், பாடுவார்கள், கண்ணீர் விடுவார்கள். அந்த அறையில் நிற்கும்போது எனக்கு எதுவும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

என் பெயர் பிலோமினா. இங்கே எல்லோருக்கும் ஃபில். ஊர் இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் வந்து, ஓக்லாந்தின் மேற்குப் புறநகரான மாசியில் குடியிருக்கிறோம். கணவர் அன்ரன் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். எனக்கு வேலை கிடைத்த அன்று, இனி இரண்டு பேரும் பெயின்றை நம்பித்தான் பிழைப்பு என்று சிரித்தார். ஏழு மணிநேரம் பேசாமல் நிற்பது மற்றவர்களுக்கு அலுப்பு. எனக்கு அது பள்ளிக்கூடமாயிற்று. வழிகாட்டிகள் ஒரே விளக்கத்தை வாரத்துக்கு நான்கு தரம் சொல்வார்கள். முதல் தரம் ஒன்றும் விளங்காது. பத்தாம் தரம் நானே மனதுக்குள் முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். கேட்டதை மாலையில் சமைத்தபடி அன்ரனுக்குச் சொல்வேன். ஒல்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புரட்டஸ்தாந்துக்கு மாறியதும் கோயில் சுவர்களுக்கு வெள்ளையடித்து, புனிதர்களின் படங்களை இறக்கிவிட்டார்கள். ஓவியர்கள் தங்கள் பெரிய வாடிக்கையாளரை இழந்தார்கள். அதனால் துணி வியாபாரி, கப்பல் கப்டன், மதுவடிப்பவர் என்று வீடு வீடாகப் போய் அவர்களையும் அவர்களுடைய மனைவிமாரையும் மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தையும் மீனையும் வரைந்தார்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

அன்ரன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வேலை இல்லாத இடத்தில பெயின்ரர் நிண்டு என்ன செய்யிறது? வேலை இருக்கிற இடத்துக்குத்தானே போவான்" என்றார். நிலநடுக்கத்தில் இடிந்துபோன கிறைஸ்ட்சேர்ச் நகரில் எட்டு மாதம் தனியே தங்கி வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். வழிகாட்டிகள் அரை மணிநேரம் சொன்னதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அந்த ஒல்லாந்து ஓவியர்களின் படங்கள் மாட்டிய அறையில்தான் இந்தக் கதை நடந்தது. அங்கே ஒரு வியாபாரியின் மனைவியின் படம் இருக்கிறது. கறுப்புப் பட்டுடுப்பு, தட்டுப் போன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டி, காதில் பெரிய முத்து ஒவ்வொன்று, நெஞ்சில் இரண்டு வடம் முத்துமாலை. முகத்தில் பெருமையும் பல்வலியும் கலந்த ஒரு பாவம். படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் ஹெலன் என்ற பெண், புதன்கிழமைகளில் அறை அறையாக விளக்கம் சொல்வார். ஒருநாள் ஒரு பார்வையாளர் முத்து எங்கிருந்து வந்தது என்று கேட்க, கிழக்கிலிருந்து, அநேகமாகப் பாரசீகக் குடாவிலிருந்து என்றார் ஹெலன். காவல் பணியாளர் விளக்கத்துக்கிடையே வாய் திறக்கக்கூடாது என்பது ஒழுங்கு. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் முந்திவிட்டது. மன்னாரிலிருந்தும் போனது, ஒல்லாந்தர் எங்கள் கடலை ஆண்டார்கள், எங்கள் ஊர்க் கரையில் இன்றும் மணலுக்குள் சிப்பித் துண்டுதான் என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஹெலன் 'மன்னார்' என்பதை, மாளிகையைக் குறிக்கும் 'மேனர்' என்ற ஆங்கிலச் சொல்லாக விளங்கிக்கொண்டு, எந்தப் பிரபுவின் மாளிகை என்று விசாரித்தார். சிரிப்படங்கியதும் நான் விளக்கினேன். என் அப்பாவின் அப்பா முத்துக் குளித்தவர். நான் பிறக்குமுன் போய்விட்டார். கல்லைக் காலில் கட்டி இறங்கி இறங்கி, இளவயதிலேயே இரண்டு காதும் செவிடாகிவிட்டதாம். காது கேட்காத தகப்பனோடு வளர்ந்ததால் என் அப்பா வாழ்நாள் முழுக்க உரத்தே கதைத்தார். பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்டால்கூடத் தெருவுக்குக் கேட்கும். வேலை போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாறாக, பார்வையாளர்களுக்காக அடுத்த மாதம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதே படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பேசும்படி ஹெலன் கேட்டார். கிரெக்கும் சம்மதித்தார்.

ஓவியக்கூடத்துக் கடையில் வேலை செய்யும் சரோஜா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண். அவளுக்கு ஒரு செய்தி தெரிந்தால் நகரின் தெற்கே த்ரீ கிங்ஸ் முதல் வடக்கே ஆல்பனி வரை தெரியும். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களும் அறிந்து, முப்பது பேர் வருவதாகப் பெயர் கொடுத்தார்கள். ஒல்லாந்துச் சீமாட்டியின் கழுத்தில் எங்கள் முத்து என்ற செய்தி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அதை நம்பித்தான் எழுதிப் பாடமாக்கினேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் ஹெலன் என்னைத் தன் வேலை அறைக்குக் கூப்பிட்டார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் கிடத்தியிருந்தார். நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார். முத்து அங்கே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு, அதன்மேல் தடித்த வெள்ளைப் பொட்டு, கீழே கழுத்துப்பட்டியின் மங்கிய நிழல். மூன்றே தீற்றல். இவ்வளவு பெரிய முத்து கடலில் கிடைப்பது மிக அரிது, காதில் இருப்பது உள்ளே பூச்சுப் பூசிய கண்ணாடிக் குண்டாக இருக்கலாம் என்றார். பிறகு வேறு இரண்டு பெண்களின் படங்களைக் கணினியில் காட்டினார். ஒரே ஓவியர், ஒரே மாலை, ஒரே முடிச்சு. மாலை அந்தப் பெண்ணுடையதே அல்ல, படம் வரைவிக்க வந்து உட்காருபவர்களுக்கு ஓவியர் இரவல் கொடுத்ததாக இருக்கும். அசலா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லி உங்கள் பேச்சைக் கெடுக்க விருப்பமில்லை, தெரிந்திருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன் என்றார் ஹெலன்.

கடைக்குப் போய்ச் சரோஜாவிடம் சொன்னேன். "அக்கா, நம்ம முத்துன்னே சொல்லிடுங்க லா. யாரு போயி செக் பண்ணப் போறாங்க?" என்றாள். வீட்டில் அன்ரனும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஆனால் சற்றுப் பொறுத்து, மூன்று தீற்றலில் முத்து எப்படி வந்தது என்று மறுபடி கேட்டார். ஒரு காகிதத்தில் தானே பென்சிலால் வரைந்து, வெள்ளைப் பெயின்றில் ஒரு பொட்டு வைத்தார். உண்மையாகவே முத்துப் போலிருந்தது. இரண்டு பேரும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காகிதம்தான் என் மனதைத் திருப்பியது. முத்தைப் பற்றிய கதையை விட, முத்து அணிந்தவர்களாகத் தோன்ற விரும்பியவர்களின் கதை எனக்குச் சுவையாகப் பட்டது.

ஞாயிறன்று சேலை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் முன்வரிசையில் நின்றார்கள். சிலாவத்துறைக்குப் பக்கத்து ஊர்க்காரரான செபஸ்ரியன் அண்ணை, கோயிலுக்கு மட்டும் போடும் கோட்டோடு நடுவில் நின்றார். ஊரில் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்தவர். இங்கே முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. நான் ஆங்கிலத்தில் தொடங்கி, எங்கள் கடலையும், அழுகிய சிப்பியின் நாற்றத்தையும், அப்பப்பாவின் காதையும் சொன்னேன். பிறகு, ஆனால் இந்தப் பெண்ணின் காதில் இருப்பது கண்ணாடியாக இருக்கலாம், மாலை இரவலாக இருக்கலாம் என்றும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு சலசலப்பு.

செபஸ்ரியன் அண்ணை தமிழிலேயே கேட்டார். "அப்ப, பிள்ளை, இது பொய் முத்தெண்டா எங்களை எதுக்கு இவ்வளவு தூரம் கூப்பிட்டனீ?"

பாடமாக்கியது எதுவும் உதவவில்லை. நானும் தமிழிலேயே பதில் சொன்னேன். "அண்ணை, இவ ராணி இல்லை. வியாபாரியின்ர மனுசி. ராணிமார் போட்டதைத் தானும் போட்டதெண்டு நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறா. அதுக்குத்தான் காசு குடுத்துப் படம் கீறுவிச்சது. இரவல் முத்தெண்டாலும் அந்த ஆசை உண்மை. அந்த ஆசைக்காகத்தான் எங்கட ஆக்கள் கடலுக்க இறங்கினவை."

அண்ணை படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இதில இல்லை" என்றார்.

"ஓம் அண்ணை. இல்லை."

அதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னபோது, ஹெலன் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். அண்ணையோ முத்தைக் கிட்டப் பார்க்க இரண்டு அடி முன்னே வைத்தார். எச்சரிக்கை மணி கீச்சென்று அடித்தது. கூட்டம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். காவல் பணியாளர் என்ற முறையில் அவரைப் பின்னால் நகர்த்தவேண்டியது நான்தான். கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினேன். வெளியே வந்தபோது, கண்ணாடியெண்டு நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் படத்தைப் பார்த்தேயிருக்கமாட்டேன், சந்தோசமாகக் கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன் என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எல்லோரும் பக்கத்துப் பூங்காப் புல்லில் அமர்ந்து, பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸையும் சரோஜாவின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கையும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

சில வாரங்களில் படத்தின் லேபலை மாற்றினார்கள். மாலை ஓவியருடையதாக இருக்கலாம், காதணி கண்ணாடியாக இருக்கலாம், இத்தகைய முத்துக்களுக்காக மன்னார்க் குடாவில் குளித்த தமிழர் பலர் செவிப்புலனை இழந்தனர் என்று மூன்று வரி. படத்துக்குள் இடம் கிடைக்காதவர்களுக்குப் படத்தின் பக்கத்தில் விரலகல இடம். அப்பாவுக்குப் படமெடுத்து அனுப்ப அவர் உயிரோடு இல்லை. தம்பிக்கு அனுப்பினேன். ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று பதில் போட்டான்.

இப்போது அந்த அறையில் நிற்கும் நாட்களில், லேபலை வாசித்துவிட்டுச் சிலர் என்னிடம் வருகிறார்கள். மன்னார் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். முதலில் இலங்கை, வடமேற்குக் கரை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். விளங்கவில்லை. பிறகு வீட்டில் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்து, கையை நீட்டிக் காட்டப் பழகிக்கொண்டேன். ஓக்லாந்திலிருந்து நேரே மேற்கு. ஆஸ்திரேலியாவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். போன வாரம் ஒரு முதியவருக்கு அப்படிக் கையை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. என் விரல் நீட்டிய அதே திசையில், அரை மணிநேர பஸ் தூரத்தில், மாசி இருக்கிறது. அன்ரன் வேலை முடிந்து வந்து உலையில் அரிசி போட்டிருப்பார். முதியவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் கையை உடனே இறக்கவில்லை.