மேடு ஏறாத காருக்கு ரெண்டு கேட் டர்போ

வண்டி வேண்டாமென்று வெளியே தள்ளும் புகையைப் பிடித்து அதையே வேலை வாங்குவதுதான் டர்போ தொழில். சரியாகச் செய்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், தப்பாகச் செய்தால் மேட்டில் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள்.

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மேடு வந்தால் ஏ.சி.யை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிப்பீர்களே, நீங்கள்தான். நான் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிசிக்ஸ் புத்தகத்தில் எதுவும் சுற்றவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஓசூரில் டர்போ பட்டறை வைத்திருக்கிறார். மாமா, வெல்டர் மல்லேஷ் அண்ணன், நான் என்று மூன்றே பேர். மல்லேஷ் அண்ணன் வீட்டில் தெலுங்கு பேசுவார், கன்னடத்தில் கிண்டலடிப்பார், தமிழ் வேலைக்கு மட்டும்.

மாமியார் நடந்தார்

எங்களிடம் வந்த சேகர் அண்ணன் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டே, ஊரைத் தாண்டி ஒரு பாறை மேட்டின் தலையில் சொந்த வீடு கட்டிவிட்டார். கீழே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டும். திரும்பியவுடன் சிமெண்ட் ரோடு நெட்டாக மேலே போகிறது. வேகம் பிடித்து வந்து ஏறலாம் என்றால் அதற்கு வழியே கிடையாது. அவர் காருக்குப் பதினாலு வயசு. அவர் மட்டும் இருந்தால் ஏறும். குடும்பத்தை ஏற்றினால் பாதியில் நின்று, கிளட்ச் தீய்ந்த நாற்றத்தோடு பின்னால் உருளும்.

வீடு பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து மாமியார் வந்த அன்றும் அதுதான் நடந்தது. மாமியார், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் பாதி மேட்டில் இறங்கி வெயிலில் நடந்தார்கள். மச்சான் தன் புது வண்டியில் ஒரே மூச்சில் மேலே போய்விட்டு, இறங்கி வேடிக்கை பார்த்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். பால் காய்ச்சும் அன்றைக்கு அம்மா இந்தக் காரில் வாசல் வரைக்கும் வந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் மறுநாளே காரை விற்றுவிட வேண்டும். பால் காய்ச்ச ஒன்பது நாள் இருந்தது. சேகர் அண்ணன் எங்கள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"வண்டி ஏறலன்னாக்கூடப் பரவால்லம்மா. என் மச்சான் கயிறு எடுத்துக்கிட்டு இறங்கி வந்தான் பாரு, அதத்தான் தாங்க முடியல."

நாலு டிபார்ட்மென்ட்

காரில் இருந்த டர்போ கெட்டுப்போயிருந்தால் எங்களுக்கு வேலை சுலபம். கெடவில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டும் வரை அது தூங்குகிறது, தாண்டியதும் முதுகில் உதைக்கிறது. இந்த மேட்டில் வண்டி இரண்டாயிரத்தைத் தொடுவதே இல்லை. பிறகு எங்கே எழுந்திருப்பது? மாமா ட்வின் ஸ்க்ரோல் டர்போ போடலாம் என்றார். சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். கம்பெனிக்காரரிடம் கம்பெனிக் கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

எஞ்சினில் நாலு சிலிண்டர். ஒரு கம்பெனியில் நாலு டிபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில் ஒவ்வொன்றாக ஷிப்ட் முடிகிறது. இருப்பது ஒரே கேட். முதல் கூட்டம் முழுதாக வெளியே போவதற்குள் அடுத்த கூட்டம் வந்து முட்டும், முன்னால் நிற்பவன் உள்ளே தள்ளப்படுவான். புகையும் அப்படித்தான் ஒன்றை ஒன்று முட்டிப் பலத்தை இழக்கிறது. ட்வின் ஸ்க்ரோல் என்றால் ரெண்டு கேட். டர்போவின் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் பாகத்துக்குள் ஒரு சுவர் வைத்து இரண்டு பாதை. ஒன்றும் நாலும் ஒரு கேட்டில், இரண்டும் மூன்றும் இன்னொரு கேட்டில். ஒரு கேட்டில் கூட்டம் தீர்ந்த பிறகுதான் அடுத்த கூட்டம் வரும். முட்டல் இல்லாததால் குறைந்த புகையிலேயே டர்போவுக்குள் இருக்கும் சக்கரம் விசிலடித்துச் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தவரை எனக்குத் தெரியாது, ஆனால் நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கித் தருவேன். கூடுதலாக எரிபொருள் கேட்காமல், இருக்கிற புகையை ஒழுங்காக வரிசையில் விட்டே பலத்தை எடுத்துவிட்டார்.

டாப் ஸ்பீட் அதிகமாகாது, மைலேஜில் அதிசயம் நடக்காது, சீக்கிரம் எழுந்திருக்கும், அவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டேன். சேகர் அண்ணன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எங்க கம்பெனில ரெண்டாவது கேட் தொறக்க ஆறு வருஷம் கத்துனோம். நீங்க ஒரு வாரத்துல தொறந்துருவீங்களா?"

வீடியோவில் வந்த விசில்

இதற்கு முன்னால் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து அவனுக்கும் ட்வின் ஸ்க்ரோல்தான் வேண்டும், ஆனால் எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டை மாற்ற மாட்டானாம், பழையதே இருக்கட்டுமாம். மல்லேஷ் அண்ணன் "ஆகல்ல", முடியாது, என்று கன்னடத்தில் ஒரே வார்த்தையில் முடித்தார். மாமாவும் சொல்லிப் பார்த்தார். கேட் இரண்டு வைத்துவிட்டு, இரண்டுக்கும் போகிற சந்து ஒன்றாகவே இருந்தால் கூட்டம் சந்திலேயே முட்டிக்கொள்ளாதா? அவன் கேட்கவில்லை. மாட்டிக்கொடுத்தோம். இரண்டே நாளில் திரும்பி வந்தான், வித்தியாசம் ஒன்றும் இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டேன், ஆனால் நல்ல பையன்.

"வீடியோல நல்லா விசில் அடிச்சுச்சு சிஸ்டர். மேனிஃபோல்ட காட்டவே இல்ல."

அழகான தப்பு

அதனால் சேகர் அண்ணன் காருக்கு மேனிஃபோல்டை நாங்களே புதிதாகச் செய்வது என்று முடிவானது. மாமா ஒரு லாரி வேலையாகக் கிருஷ்ணகிரி போய்விட்டார். அளவெடுத்து வரைந்தது நான், ஒட்டியது மல்லேஷ் அண்ணன். நாலு பைப்பையும் ஜோடி சேர்க்க வேண்டும். ஒன்றையும் இரண்டையும் ஒரு ஜோடி, மூன்றையும் நாலையும் ஒரு ஜோடி என்று போட்டேன். பக்கத்துப் பக்கத்துப் பைப், வளைவு கம்மி, நீளமும் கம்மி. விளம்பரப் படம் மாதிரி வந்தது. அதன் மேல் மல்லேஷ் அண்ணன் ஓட்டிய வெல்டு மீன் செதில் அடுக்கியது மாதிரி இருந்தது. அரை மணி நேரம் போட்டோ எடுத்தேன்.

மாட்டி முடித்ததும் சேகர் அண்ணன் ரிங் ரோட்டில் ஓட்டினார். நான் பின் சீட்டில் இருந்தேன். ஆஹா ஓஹோ என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி ஓட்டினார், நடுவில் ஓரம் கட்டி ஒரு போனும் பேசினார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வந்தது இரண்டாயிரத்தில்தான், பழைய டர்போ எழுந்த அதே இடம். அப்போதுதான் உறைத்தது. ஷிப்ட் முடியும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. இரண்டு முடிந்ததும் வருவது ஒன்று. மூன்று முடிந்ததும் வருவது நாலு. அடுத்தடுத்து முடியும் டிபார்ட்மென்டுகளை, பில்டிங் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரே கேட்டில் விட்டிருக்கிறேன். கேட் கதை சொன்ன வாய் என்னுடையது, அதை மறந்த மண்டையும் என்னுடையது.

பேசாமல் இருந்திருக்கலாம். சமமான ரோட்டில் யாருக்கும் தெரியாது, அவரும் சந்தோஷமாக இருந்தார். ஆனால் பால் காய்ச்ச மூன்றே நாள், அந்த மேட்டை ஏமாற்ற முடியாது. வண்டியை நிறுத்தச் சொல்லி, தப்பு நடந்துவிட்டது, செய்தது நான், இப்போது நீங்கள் பார்த்த வேகம் உங்கள் நினைப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"ஏம்மா, இப்பதானே என் பொண்டாட்டிக்குப் போன் போட்டு, வண்டி பறக்குதுன்னு சொன்னேன்?"

வெட்டியவர்

ஒருத்தர் தான் ஒட்டியதைத் தானே வெட்டுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. மல்லேஷ் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று கதவுப் பக்கமாகவே நின்றேன். அவர் காகிதத்தை வாங்கி, நான் புதிதாக வரைந்ததைப் பார்த்தார், மேனிஃபோல்டைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், கிரைண்டரைப் போட்டார். மீன் செதில் எல்லாம் பொறியாகப் பறந்தது.

இந்தத் தடவை ஒன்றாம் பைப் மற்ற இரண்டையும் சுற்றி வளைந்து நாலோடு போய்ச் சேர வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் இடத்தில் கை நுழைவதே கஷ்டம். துண்டு துண்டாக வெட்டி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வெட்டி, இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். நடுச்சுவர் டர்போ வாய் வரைக்கும் ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் வந்து நின்றது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், உருகிய இரும்பு ஒரு பொட்டுகூட உள்ளே வழியவில்லை. வெளியில் பார்த்தால் கோணல்மாணலாக, யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். எனக்கு அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"மொதல்ல பண்ணது பாக்கறதுக்கு நல்லாருந்துச்சு, இது இழுக்கறதுக்கு நல்லாருக்கும். இனிமே நம்பரப் பைப்பு மேலயே எழுதிக் குடு பாப்பா."

குடோன் சாய்தளம்

சோதனைக்குப் பக்கத்து குடோனின் லோடு ஏற்றும் சாய்தளத்தைக் கேட்டு வாங்கினோம். ஊரிலிருந்து திரும்பிய மாமா ஓட்டினார், பக்கத்தில் சேகர் அண்ணன், பின்னால் டீ குடிக்க வந்த லோடுமேன்கள் மூன்று பேர், எல்லாரும் கனமான ஆட்கள். பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் காத்திருந்து, பிரேக்கை விட்டார். முள் ஆயிரத்து ஐந்நூறைத் தொடும்போதே விசில் வந்தது. உதை இல்லை, கரும்புகை இல்லை. யாரோ கீழிருந்து உள்ளங்கையால் தாங்கி ஏற்றுவது மாதிரி ஏறியது. மேலே போனதும் பின் சீட்டிலிருந்து ஒரு லோடுமேன் கையில் செருப்போடு இறங்கினார்.

"பாதில இறங்கித் தள்ளச் சொல்லுவீங்கன்னு கழட்டி ரெடியா வெச்சிருந்தேன்."

பால் காய்ச்சிய நாள்

எங்கள் மூன்று பேரையும் அழைத்திருந்தார். நாங்கள் முன்னாலேயே போய் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டோம். முதலில் மச்சானின் புது வண்டி ஏறியது. பின்னாலேயே சேகர் அண்ணன் கார். முன் சீட்டில் மடியில் குத்துவிளக்கோடு மாமியார், பின்னால் மனைவி, பிள்ளைகள், கூட ஒரு சித்தி. பாதி மேட்டில் மச்சான் சட்டென்று நிறுத்திவிட்டான், யாரோ வாழைமரத்தை ரோட்டுக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். இருக்கிறதிலேயே நெட்டான இடத்தில் சேகர் அண்ணனும் பிரேக் போட வேண்டியதாயிற்று. மாமா ரோட்டைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

வாழைமரம் போனது, மச்சான் போனான். சேகர் அண்ணன் கார் ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு மெல்லிசாக அந்த விசில். ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் ஏறி வந்து வாசலில் நின்றது. மாமியார் விளக்கோடு இறங்கி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். மல்லேஷ் அண்ணன் வேலை முடிந்தது என்பதுபோல் "ஆயித்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் பந்தி எங்கே என்று பார்க்கப் போனார்.

அதோடு முடியவில்லை. சமையல்காரரின் லோடு ஆட்டோ மேடு ஏறவில்லை, அண்டா குண்டாவெல்லாம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இறக்கிக் கிடந்தது. மச்சான் தன் வண்டியில் புது மேட் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டான். மாமியார் உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அண்டா முடிந்ததும் கேஸ் சிலிண்டர், சேர், தண்ணீர் கேன், அப்புறம் முட்டி வலிக்காரர்கள் ஒவ்வொருவராக. நான் எண்ணியவரை பதினொரு தடவை. பால் பொங்கியபோது வீட்டுக்காரர் கீழே அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார், போட்டோவிலும் அவர் இல்லை. இலையில் பாயசம் ஊற்ற வந்த அவர் மனைவியிடம், அப்படியென்றால் கார் விற்பனை என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"விக்கறதா? மேல தண்ணி லாரி ஏறாதாம்மா, இனிமே தெனமும் கேனெல்லாம் இதுலதான் வரணும்."

பழைய காருக்கு ட்வின் ஸ்க்ரோல் போட்டால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: மேட்டில் வண்டி நிற்காது, வீட்டில் நீங்கள் உட்கார மாட்டீர்கள்.