வேலப்பன்சாவடியில் நின்ற தோழி

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. எங்கள் வீடு நூம்பலில். வேலப்பன்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால், கொஞ்ச வருஷமாக முளைத்துக்கொண்டே இருக்கும் அபார்ட்மெண்ட்களில் ஒன்று. என்னைப் பொறுத்தவரை எல்லாமே சமையலறைக்குள், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நடந்து முடிந்துவிட்டது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

போனில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஆரம்பித்தது. ஆறு பெண்கள். நாலு வருஷமாகத் தினமும் பேசுகிறோம், ஒருத்தியை ஒருத்தி நேரில் பார்த்தது கிடையாது. ஊர் சுற்றுகிறோம் என்று பெயர்தானே தவிர, முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர் கல்யாணத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. பேச்சு மட்டும் பம்பாய் ரயில் கூட்டத்திலிருந்து சிங்கப்பூர் ரயில் கூட்டம் வரைக்கும் போகும்.

அதில் நான்தான் கூட்டத்துக்கு எக்ஸ்பர்ட். சேலத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் இந்தச் சென்னையில் இடிபட்டவள் ஆச்சே! பையை முன்னால் மாட்டு, படிக்கட்டுப் பக்கம் நிற்காதே என்று சட்டம் போட்டுக்கொண்டே இருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தேன். "கூட்டமா வர்ற பஸ்ஸை விட்டுடு, பின்னாலேயே காலியா ஒண்ணு வரும்." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை.

குரூப்பில் தர்மபுரிப் பக்கத்துத் தோழி ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், "அக்கா அக்கா" என்று உயிரை விடுவாள். அவளுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. திருவிழாவில் நெரிசலில் சிக்கி ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு அரசு வேலைக்கான பரீட்சை வந்தது. மையம் அம்பத்தூரில் ஒரு கல்லூரி. வயது வரம்பு தாண்ட அவளுக்கு இன்னும் சில மாதம்தான் பாக்கி. இதை விட்டால் இனி எழுதவே முடியாது. இரண்டு வருஷமாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தவள். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் திறக்க மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் வர வேண்டும்.

"நான் இருக்கேன்ல, என்ன பயம்? பூந்தமல்லியில இறங்கு. அங்கிருந்து நான் ஒவ்வொரு அடியா சொல்றேன்" என்று போட்டேன். குரூப்பே இதயம் இதயமாகக் கொட்டியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஏழு மணிக்கு முன்னாலேயே பூந்தமல்லியில் இறங்கிவிட்டாள். வானகரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து அம்பத்தூர் ரோட்டில் இன்னொரு பஸ். அவ்வளவுதான். மெயின் ரோட்டில் போகிற எதில் வேண்டுமானாலும் ஏறு என்று சொன்னேன். முதல் பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு அக்கா" என்றாள். "விட்டுடு" என்றேன். இரண்டாவதும் கூட்டம். அதையும் விடச் சொன்னேன். மூன்றாவதற்கும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் பூந்தமல்லியில் காலி பஸ்ஸா? பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை பாருங்கள்!

ஏழரைக்கு ஒன்று காலியாகவே வந்தது. "சீட்டே கிடைச்சிடுச்சு அக்கா!" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று நானும் ஒன்று தட்டிவிட்டு இட்லித் தட்டை இறக்கினேன்.

அது திருவேற்காடு கோயிலுக்குப் போகிற பஸ். மெயின் ரோட்டிலேயே வந்து, வேலப்பன்சாவடியில் உள்ளே திரும்பிவிடும். என் வீட்டு முக்கில் தினமும் திரும்புகிற பஸ். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. வானகரத்துக்கு டிக்கெட் கேட்டதும், "இது அங்க போவாதுமா, இங்கியே எறங்கிக்க" என்று கண்டக்டர் வேலப்பன்சாவடியில் இறக்கிவிட்டுவிட்டார்.

அங்கேதான் ஆரம்பித்தது கூத்து. நிற்கிற இடத்தை மேப்பில் அனுப்பினாள். கூடவே குரல் பதிவு. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கிறது, இவள் குரல் நடுங்குகிறது. "அக்கா, ஷேர் ஆட்டோல பத்து பேர் தொங்கறாங்க. எனக்கு மூச்சு முட்டற மாதிரி இருக்கு. என்ன பண்றது?"

மொத்தக் குரூப்பும் விழித்துக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரி மேப்பில் சிவப்புக் கோடு போட்டுப் படமாக அனுப்பினாள். "அந்த ரோட்டைத் தாண்டி நில்லுங்க, அந்தப் பக்கம் பஸ் வருமுங்க" என்றாள். அவள் சென்னையையே பார்த்தது கிடையாது. சிங்கப்பூர்க்காரி, கண்ணை மூடி நாலு எண்ணி மூச்சை இழு என்றாள். நடு ரோட்டில் கண்ணை மூடினால் பையும் போகும் உயிரும் போகும்! திருச்சிக்காரி கார் புக் பண்ணச் சொன்னாள். இவளும் பண்ணினாள். ஒருத்தன் ஏற்றுக்கொண்டு ரத்து செய்தான், அடுத்தவனும் ரத்து. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாரும் சும்மா இருங்கள், என் ஏரியா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு அதட்டு அதட்டினேன்.

அதட்டிவிட்டு என்ன செய்தேன்? நானும் டைப் அடித்தேன். சட்னிக்குத் தாளித்துக்கொண்டே, வலது பக்கம் போ, பேக்கரி இருக்கும், அதுக்கு எதிரே நில் என்று அடித்தேன். "எந்தப் பேக்கரி அக்கா?" என்று கேட்டாள். அவள் மேலேயும் கோபம் வந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன், ஒரு பேக்கரியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? படித்தவள்தானே என்று வாய்விட்டே திட்டினேன். "காலங்காத்தால யாரைத் திட்டிக்கிட்டு இருக்க?" என்று கணவர் ஹாலிலிருந்து கேட்டார். "ஒரு வழி சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்கறா" என்று கத்தினேன்.

எட்டு பத்துக்கு அவளிடமிருந்து வருவது நின்றுவிட்டது. எங்கே நிற்கிறாய்? ஏறிவிட்டாயா? பதில் சொல்லேன்! ஒன்றுக்கும் பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. எட்டே முக்காலுக்கு போன் அணைந்தே போய்விட்டது. ஒன்பதும் ஆனது. அழுதுகொண்டே ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது.

மதியம் ஒரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். நான் விசாரிக்கக்கூட இல்லை. எடுத்த எடுப்பில், "ஒரு மெசேஜ் போட்டா குறைஞ்சா போயிடுவ? இங்க எங்க உசுரே போச்சு!" என்று பொரிந்து தள்ளினேன்.

"மன்னிச்சிடுங்க அக்கா. பரீட்சை எழுதிட்டேன். நல்லா எழுதியிருக்கேன்" என்றாள்.

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். அங்கே அவள் அழுதுகொண்டு நிற்பதைக் கொஞ்சம் தள்ளி ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, கம்பெனி வேனுக்காக நிற்கிறாள். கிட்டே வந்து, "இன்னாமா, இப்டி அழுதுகினு நிக்கிற? எங்க போவணும்?" என்று கேட்டிருக்கிறாள். ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தோ, எங்க வண்டி அந்தப் பக்கந்தான் போவுது, வா" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். வெளியாளை ஏற்றக்கூடாது என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். "எந்தங்கச்சிதான் அண்ணாத்தே, பரீச்சிக்குப் போவுது. எதுனா கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று இவளை ஏற்றிவிட்டாளாம். வேனுக்குள் மூச்சுவிட இடமில்லை. இவள் நடுங்குவதைப் பார்த்து ஜன்னல் ஓரத்துப் பெண்ணை எழுப்பி இவளை உட்கார வைத்து, அம்பத்தூர் வரைக்கும் தோளில் கை வைத்தபடி நின்றே வந்தாளாம். அதோடு விடவில்லை. தானும் கூடவே இறங்கி, கேட் வரைக்கும் ஓட்டமாகக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாளாம். போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டே வந்ததால் இவளால் எனக்குச் சொல்ல முடியவில்லை; பரீட்சை முடிந்து வெளியே ஒரு கடையில் சார்ஜ் போட்டுத்தான் கூப்பிட்டாளாம்.

"யாருன்னே தெரியலை அக்கா, பேர்கூடக் கேக்கலை" என்றாள். நான் "ஐயோ, தெய்வம்டி" என்றேன். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"வேன்ல அவங்க கேட்டாங்க, உனுக்கு இந்த ஊர்ல ஆருமே இல்லியான்னு. இல்லாம என்ன, நூம்பல்ல எங்க அக்கா ஒருத்தவங்க இருக்காங்கன்னு சொன்னேன். நூம்பலா, இங்கியே கீதேமா, வண்டில வந்தா அஞ்சு நிமிசம், வரலியா அவங்கன்னு கேட்டாங்க. காலையில சமையல் வேலை இருக்கும்ல, நான்தான் வரவேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லி சமாளிச்சிட்டேன் அக்கா."

என் ஸ்கூட்டர் கீழேயே நிற்கிறது. பெட்ரோலும் இருக்கிறது. கணவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவரிடம் சொல்லியிருந்தால்கூடப் போயிருப்பார். அவள் அனுப்பிய மேப்பில், அவள் நின்ற புள்ளிக்குப் பக்கத்திலேயே என் தெருவும் தெரிந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துப் பேக்கரி தேடியவள் நான். கிளம்பிப் போக வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. நாலு வருஷமாக அவள் எனக்குப் போனுக்குள் இருக்கிற ஆள். அன்றைக்கு அவள் என் வீட்டு முக்கில் வந்து நிற்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

"அங்கேயே இரு, அசையாதே" என்று சொல்லிவிட்டு அம்பத்தூருக்கு வண்டியை விட்டேன். கல்லூரி வாசலில் வெயிலில் நின்றிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம், ஒல்லி. என்னைப் பார்த்ததும் சிரித்தபடி ஓடிவந்தாள். நடு ரோட்டிலேயே, "என்னை மன்னிச்சிடும்மா, நான் வந்திருக்கணும்" என்றேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "என்ன அக்கா இப்படிச் சொல்றீங்க, நீங்க எவ்வளவு மெசேஜ் போட்டீங்க!" என்றாள். குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மனசாரச் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டு, சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் கூட்டம்தான். வாயை மூடிக்கொண்டேன். அவளே ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைத்தாள்.

திரும்பி வந்து போனை எடுத்து, காலையில் அவளுக்கு நான் அனுப்பியதையெல்லாம் மேலிருந்து படித்தேன். நாற்பத்தேழு மெசேஜ். இடது பக்கம், வலது பக்கம், பேக்கரி, பயப்படாதே, தைரியமாக இரு, எல்லாம் இருந்தது. "இரு, நான் வரேன்" என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. கூட்டம் கூட்டம் என்று நாலு வருஷமாக அவளைப் பயமுறுத்திவைத்தேன், அந்தக் கூட்டத்திலிருந்துதான் பேர் தெரியாத ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்தாள், அஞ்சு நிமிஷத் தூரத்தில் இருந்த நான் போகவில்லை என்பது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.