நடிப்பு என்று எழுதியவர்

பணிமனையில் அவளுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். கடைசி இருக்கையில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் குரல். பன்னிரண்டு வருடம் பேருந்து நடத்துநராகக் கூட்டத்தை அந்தக் குரலாலேயே கட்டி ஆண்டாள். முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது இதயம் தறிகெட்டு அடித்தது. கண் இருட்டியது. கால் மணி நேரம் கழித்து, விளக்கை அணைத்ததுபோல, சட்டென்று அடங்கியது.

பணிமனை மருத்துவர் இசிஜி எடுத்தார். அதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது.

"வீட்ல ஏதாவது சண்டையாம்மா?"

"இல்லைங்க டாக்டர். நெஞ்சு படபடன்னு அடிச்சுது."

"பயம்தான். இந்த மாத்திரையைப் போட்டுட்டு நல்லா தூங்குங்க."

அவள் தூங்கினாள். படபடப்பு மட்டும் மாதம் இரண்டு மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் மருத்துவர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்று தொலைக்கும். ஒருநாள் வெளியே காத்திருந்த ஓட்டுநர்கள் காதுபட, "வேலைக்கு டிமிக்கி குடுக்க வேற நல்ல காரணமா கண்டுபிடிம்மா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. நோய் தீர்கிறதோ இல்லையோ, இந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டாள்.

பெரிய மருத்துவமனையில் இதய மருத்துவர் ஒரு பெண். வெண்கலத்தின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, சின்னப் பெட்டி ஒன்றை ஒருநாள் முழுக்க மாட்டிவிட்டார். அன்றைக்கென்று இதயம் பரம சாதுவாக நடந்துகொண்டது.

"படபடப்பு இருக்கும்போதே எடுத்தாத்தான் பிடிபடும். எப்ப வருதுன்னு கவனிங்க" என்றார் அவர்.

கவனித்தாள். குனியும்போதுதான் பெரும்பாலும் வருகிறது என்று நான்கு மாதத்தில் புரிந்தது. அதற்குள் பணிமனையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வேலைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு; அதில் பணிமனை மருத்துவரும் ஒருவர்.

பணிமனை மருத்துவரின் அறையில் குழு கூடிய காலை, வெளியே நடைபாதையில் நின்று குனிந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி குனிந்தாள். வெல்டிங் வேலை பார்க்கும் கணவன் பதறிப்போய்த் தோளைப் பிடித்தான்.

"உசுரோட விளையாடாத, வா போயிடலாம்."

"கையை எடுங்க."

ஆறாவது முறை பற்றிக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்க் கட்டிலில் படுத்தாள்.

"இப்ப இசிஜி எடுங்க டாக்டர்."

அவர் அசையவில்லை. பக்கத்திலிருந்த நர்ஸ்தான் ஒயர்களை ஒட்டினாள். தாள் நகர்ந்தது. நெருக்கியடித்த கோடுகள். "நிமிஷத்துக்கு இருநூத்திப் பத்து" என்றாள் நர்ஸ். மருத்துவரின் முகம் செத்துப்போனதை, மூச்சு வாங்கிக்கொண்டே, ஆசை தீரப் பார்த்தாள் வெண்கலம்.

ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஓர் ஊசி போட்டார்கள். நெஞ்சு சில நொடி நின்றே போனதுபோல் ஒரு பயங்கரம். பிறகு நிதானமாக அடித்தது. இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் வழியோடு கூடுதலாக ஒரு வழி இருக்கிறது, அதில் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால்தான் இந்த ஓட்டம் என்று இதய மருத்துவர் விளக்கினார். இரண்டு வாரம் கழித்து, அந்தக் கூடுதல் வழியைச் சுட்டு அடைக்க, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை உள்ளே செலுத்தினார்கள். அவள் விழித்துத்தான் இருந்தாள். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, "இதானே உங்களுக்கு வர்றது?" என்று கேட்டார் மருத்துவர்.

"இதேதான். விடாதீங்க, சுட்டுப் பொசுக்குங்க."

சுட்டார்கள். அதோடு நோய் ஒழிந்தது.

கோபம் ஒழியவில்லை. தன் மருத்துவக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினாள். பதினேழு இடத்தில் 'நடிப்பு' என்று பணிமனை மருத்துவரின் கையெழுத்து. அதை இணைத்துப் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு முந்தின நாள் அவளுடைய வீட்டுக்கே வந்தார் அவர். கணவன் நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"தப்புதாம்மா. ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கு. புகாரை வாபஸ் வாங்கிக்கங்க."

"நாலு பேர் முன்னாடி என்னைக் கேலி பண்ணிச் சிரிக்க வெச்சீங்க. இப்ப யாரும் இல்லாதப்ப வந்து தப்புங்கிறீங்க. நாளைக்கு அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள், அந்தப் பதினேழு குறிப்பையும் அவரே வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். விசாரணை அதிகாரி சம்மதித்தார். தேதி, நடிப்பு. தேதி, நடிப்பு. ஐந்தாவதில் அவர் குரல் இறங்கியது.

"கேக்கலைங்க டாக்டர்" என்றாள்.

பதினேழும் முடியும்வரை அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த மாதமே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்.

"இப்பவாவது மனசு ஆறுச்சா?" என்று கணவன் கேட்டான்.

"பாதி" என்றாள். பயம் என்று எழுதி அதே மருத்துவர் திருப்பி அனுப்பிய இன்னும் இரண்டு பேர் அன்று மாலை தங்கள் கோப்புகளோடு அவளைப் பார்க்க வருவதாக இருந்தது.