கோட்டுக்கு அங்கால வெறுங்கல்

நாங்கள் வெளிநாடு வந்து குடியேறின ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு பழைய ஆங்கிலிக்கன் சேர்ச். ஞாயிறு பின்னேரம் அதிலதான் எங்கட தமிழ் ஆராதனை. இடப்பக்கச் சுவர் முழுக்க ஒரே வெள்ளைக்காரக் குடும்பத்தின்ர நினைவுக்கற்கள். பேரன், மருமகள் எண்டு ஒருத்தரையும் விடேல்லை. கல்லுக்கு மேல குடும்பச் சின்னம்: கேடயம், அதில ஒரு சிங்கம். சிலதில மூலையில காலில்லாத ஒரு குருவியும் இருக்கும். காணி கிடைக்காத இளைய மகனுக்கு அந்தக் குருவியைத்தான் குடுப்பினமாம், போதகர் சொன்னவர். இறங்க நிலம் இல்லாதவனுக்குக் கால் எதுக்கு எண்ட கணக்காக்கும். செத்த பிறகும் இவைக்கு என்ன எடுப்பு எண்டு நான் புறுபுறுப்பன். அம்மா அந்தக் கற்களுக்குக் கீழயே போய் இருப்பா.

எனக்கு ஒரு தம்பி. ஊரில நடந்த சண்டையின்ர கடைசி நாளில, அம்மா பாத்துக்கொண்டு நிக்கத்தான் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. எங்கட ஹோலில அப்பாவின்ர படத்துக்கு மாலை இருக்கு. பக்கத்தில தம்பியின்ர படத்துக்கு இல்லை. போட்டால் செத்தவன் எண்டாகிடும். ஒவ்வொரு வருசமும் அவன்ர பிறந்தநாளுக்கு அம்மா கேக் வாங்கச் சொல்லுவா. நான் வாங்கிக் குடுத்திட்டு ஏசுவன்.

"எத்தனை வருசமம்மா? இருந்தால் ஒரு போன் எடுக்க மாட்டானோ? மனசை ஆத்துங்கோ."

அம்மா கேக்கை வெட்டி எனக்கு ஒரு துண்டு தருவா.

போன வருசம், எங்கட சபைக் குடும்பங்களும் அந்தச் சுவரில பித்தளைத் தகடு வைக்கலாம் எண்டு போதகர் அறிவிச்சார். அப்பாவுக்கு ஒண்டு வைப்பம் எண்டு நான்தான் துவங்கினனான். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் தேத்தண்ணிக்குப் போயிட்டினம். அம்மா எழும்பேல்லை.

"அப்பாவுக்குக் கீழ தம்பியின்ர பேரையும் போடு," எண்டா.

எனக்கு விசர் வந்திட்டுது. "அவன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

கேட்டது என்ர வாய்தான். இவ்வளவு காலமும் நான் சொன்னதை அவ திருப்பிச் சொல்ல எனக்குத் தாங்கேலாமல் போச்சு.

அம்மா கோவிக்கேல்லை. மேல இருந்த ஒரு கல்லைக் காட்டினா. தாய், தகப்பன், பிள்ளையள். எல்லாருக்கும் பிறந்த வருசம், ஒரு கோடு, இறந்த வருசம். கடைசி மகனுக்குப் பிறந்த வருசமும் கோடும் மட்டும்தான். அங்கால வெறுங்கல். எங்கேயோ போய் அங்கேயே முடிஞ்சிருப்பான், எழுத ஆளில்லை.

"அந்தத் தாய் மனிசிக்கும் தெரியேல்லைப் போல," எண்டா அம்மா. "இடம் விட்டிருக்கிறா. நானும் விடுறன். எனக்குப் பிறகு நீ எழுது."

தகடு செய்யிறவர் போன் எடுத்து, இரண்டாவது பேருக்கு இறந்த வருசம் விடுபட்டுப் போச்சோ எண்டு கேட்டார். அப்பிடியே விடுங்கோ எண்டன். தகட்டைச் சுவரில பூட்டின அண்டைக்கு அம்மா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில விரலை வைச்சுப் பாத்தா.

"எழுத இடம் காணும்," எண்டா.

இந்த வருசம் தம்பியின்ர பிறந்தநாளுக்கு அம்மா ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரம் வரைக்கும் பாத்தன். பிறகு நானே போய்க் கேக் வாங்கிக்கொண்டு வந்து அவன்ர படத்துக்கு முன்னால வைச்சன்.

"மனசை ஆத்து, பிள்ளை," எண்டா அம்மா.

நான் கேக்கை வெட்டி அவவுக்கு ஒரு துண்டு குடுத்தன்.