பெயர் போடாத கேஸ்

நர்சிங் மூன்றாம் வருடம், மனநலப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கேஸ் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும். வார்டு போஸ்டிங் நடந்த நாட்களில் என் அறைத்தோழி காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஒரு நோயாளியைக்கூட அவள் பார்க்கவில்லை. எப்படியோ சமாளிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது. திரையில் முதல் வரி: முப்பது வயதுப் பெண், விராலிமலைப் பக்கத்துக் கிராமம், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய். அடுத்து, பிள்ளையை ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, அந்தப் பெண் மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. அது என் அம்மா. தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாத்திரையில் அம்மா தேறிவிட்டாள். ஊரில் டைபாய்டு என்றே சொல்லிவைத்தோம். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தெழுந்தவளாயிற்றே என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆங்கிலம் வழுவழுவென்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், மூத்த மகள் தாயை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று ஒரு வரி. மேடம் பாராட்டினார். விராலிமலைப் பக்கத்திலிருந்து வருகிறவள் வகுப்பில் நான் ஒருத்திதான். இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் போனில் ஏஐக்குத் தமிழிலேயே எழுதிக்கொடுத்து, கேஸாக மாற்றித் தரச் சொன்னாளாம்.

“பேரு எங்கயும் போடலயேடி,” என்றாள். “அது மெஷினு. யாருகிட்டப் போயி சொல்லப் போகுது?”

“வெக்கப்படுறேன்னு ஒங்கிட்ட நான் எப்பச் சொன்னேன்?”

“அத நான் எழுதல. அதுவாப் போட்டுக்கிருச்சு.”

நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம், செயற்கை நுண்ணறிவைப் பற்றி மாணவிகளின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியின் விவரங்களை அதற்குக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறைத்தோழி யோசிக்கவேயில்லை, ‘கூடாது’ என்பதில் டிக் அடித்தாள். நானும் அதையேதான் அடித்தேன்.

மேடமிடம் சொல்லிவிட ஸ்டாஃப் ரூம் வாசல்வரை போனேன். சொன்னால் அது யாருடைய கதை என்பதையும் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். வார்டனிடம் கேட்டு வேறு அறைக்கு மாறிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தாள். கையில் இரண்டு டப்பா.

“அந்தப் புள்ள எங்கிட்டுப் போச்சு? அதுக்கும் புளிச்சோறு கொண்டாந்திருக்கேன்.”

ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். வந்ததும் மறக்காமல் கொடு என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவு நம்பிக்கை. முதலில் வெளியே சொன்னவள் நான்தான்.

அதை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தேன். விராலிமலை பஸ் வந்தது, அம்மா ஏறிக்கொண்டாள். இன்னும் சொல்லவில்லை.